வெறுஞ்சீட்டு

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு அருகில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வெளியூரிலிருந்து காரில் வருகிறவர்கள் இறங்கியதும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அந்தக் குடவோலைக் கல்வெட்டு எங்கங்க இருக்கு?" என்பதுதான். ஒரு நாளைக்கு நாலு பேராவது கேட்பார்கள். நாலு பேருக்கும் கையை நீட்டி வழி காட்டிவிட்டு, "ஜெராக்ஸ் ஏதாவது எடுக்கணுமா?" என்று கேட்பேன். இதுவரை யாரும் எடுத்ததில்லை.

குடவோலை எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, வருகிற பெயர்தான் சபை உறுப்பினர் என்று வைத்திருந்தார்கள். பெயர் குடத்துக்குள் போவதற்கே தகுதிகள் இருந்தன. வரி கட்டுகிற சொந்த நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் காலனியில் நடவுக்கும் அறுப்புக்கும் சித்தாள் வேலைக்கும் போகிறவர்கள்தான் எல்லோரும். முதல் இரண்டு தகுதியும் பலருக்கு இன்றைக்கு வரை இல்லை, மூன்றாவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். அந்தக் குடத்தில் எங்கள் ஆட்கள் பெயர் விழுந்திருக்க வழியே இல்லை என்பதால் நாங்கள் தனியாக ஒரு சொம்பு வைத்துக்கொண்டோம்.

பித்தளைச் சொம்பு. ஒரு பக்கம் நசுங்கியது. காலனியில் எந்தத் தகராறு வந்தாலும் அதில் சீட்டுப் போட்டுக் குலுக்குவார்கள். கூழ் வார்க்கிற அன்று கரகம் எந்தத் தெருவில் முதலில் நுழைய வேண்டும், மோட்டார் தண்ணீர் எந்த வரிசைக்கு முதலில், ஏரிக்கரைப் புளியமரத்தை இந்த வருடம் யார் உலுக்குவது, எல்லாவற்றுக்கும் சொம்புதான். கல்வெட்டில் இருக்கிற மாதிரி எங்களுக்கும் ஒரு தகுதி விதி உண்டு. அது குலுக்குகிறவருக்கானது: அவருக்கு எழுதப் படிக்கத் தெரியக் கூடாது. தெரிந்தால் எந்தச் சீட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்து எடுத்துவிடுவாராம். அந்தத் தகுதியை முழுமையாகப் பெற்றிருந்தவர் என் நைனா. முப்பது வருடத்துக்கு மேலாக எங்கள் காலனியின் குலுக்கல்காரர் அவர்தான்.

எங்கள் குலுக்கலில் இன்னொரு விசேஷம் உண்டு. 'இது' என்று ஒரு சீட்டு, 'அது' என்று ஒரு சீட்டு, இரண்டோடு ஒன்றுமே எழுதாத ஒரு சீட்டும் போட வேண்டும். அதற்குப் பெயர் வெறுஞ்சீட்டு. அது வந்துவிட்டால், 'எனக்குத் தெரியாது, நீங்களே பேசி முடிவு பண்ணுங்க' என்று சாமி சொல்லிவிட்டதாக அர்த்தம். மறுபடி குலுக்கக் கூடாது. எடுத்த சீட்டு போக மிச்சத்தைப் பிரிக்காமல் அடுப்பில் போட்டுவிட வேண்டும். பிரித்தால் சாமியைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். எதற்கு இந்த வெறுஞ்சீட்டு என்று சின்ன வயதில் நைனாவைக் கேட்டேன்.

"சாமிக்கு மட்டும் எல்லாம் தெரிஞ்சிக்கினா கீது?" என்றார்.

நாலாம் வகுப்பிலிருந்து சீட்டு எழுதுகிற உத்தியோகம் எனக்கு. என் நாலு கோடு நோட்டைக் கிழித்துத்தான் எழுதுவேன். நைனா சட்டைப் பையில் பீடிக் கட்டு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்வார், சொம்பைக் குலுக்குவார், கையை விட்டு ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டுவார். நான் சத்தமாக வாசிப்பேன். வெறுஞ்சீட்டு வருகிற நாளில் மட்டும் எனக்கு வேலையில்லை. அவரே விரித்துப் பார்த்து, "வெறுஞ்சீட்டு" என்று சொல்லிவிடுவார். அன்றைக்குக் காலனியில் ஒரே பேஜார். வரவேண்டிய முடிவு வராமல், அவரவர் வாயைத் திறந்து தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லியாக வேண்டும். பாதிப் பேருக்கு அது தெரியாது. மீதிப் பேருக்குத் தெரியும், சொல்ல வெட்கம்.

எனக்கும் அது ஒரு முறை வந்தது. பன்னிரண்டாவது முடித்திருந்தேன். அந்தச் சமயம் பக்கத்தில் புதிதாக வந்த கம்பெனிகள் எங்கள் ஊர்ப் பெண்களை வேனில் அள்ளிக்கொண்டு போயின. அம்மாவுக்கு நான் வேனில் ஏற வேண்டும். டீச்சருக்கு நான் மேலே படிக்க வேண்டும். எனக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது, ஆனால் அதைச் சொல்லிவிட்டு நாளைக்கு ஃபெயிலானால் யார் பதில் சொல்வது? "குலுக்கிப் பாத்துடலாம் நைனா" என்றேன். 'படிப்பு' ஒன்று, 'கம்பெனி' ஒன்று, வெறுஞ்சீட்டு ஒன்று. நானே எழுதினேன். நைனா எடுத்தார். விரித்தார்.

"வெறுஞ்சீட்டு."

வாய்விட்டு அழுதேன். நைனா சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "சொல்லு, இன்னா பண்ணப் போறே?" என்று கேட்டபடி எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். காலையில் நாஷ்டாவுக்கு முன்னால் ஆரம்பித்தது, விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் எனக்கு வாய் வந்தது. "படிக்கிறேன்" என்றேன். பிறகு சென்னை ஹாஸ்டலில் சாம்பார் தண்ணியாக இருந்த ஒவ்வொரு நாளும் எனக்கு எரிச்சலாக வரும். சாமி சொல்லி வந்திருந்தால் சாமியைத் திட்டலாம். நானே சொல்லி வந்திருக்கிறேன், யாரைத் திட்டுவது?

கல்லூரியில் நான் கேட்ட பாடங்கள் எல்லாம் நிரம்பிவிட்டன. தத்துவத்தில் மட்டும் இடம் இருந்தது. தத்துவத்தில் எப்போதும் இடம் இருக்கும். முதல் விடுமுறைக்கு வந்தபோது அம்மா கேட்டார்.

"இன்னாதான் படிக்கிறே?"

"தத்துவம்மா."

"அதான் பொறந்ததுலேர்ந்து பேசிக்கினு கீறியே, அத்த இன்னாத்துக்குப் படிக்கணும்?"

அம்மாவுக்குப் பிறந்த ஊர் புள்ளலூர். அந்தக் காலத்து ராஜாக்கள் படையோடு வந்து சண்டை போட்ட இடம். அம்மா இன்னும் நிறுத்தவில்லை. இரண்டாம் வருடம் இருத்தலியல் என்று ஒரு தாள் வந்தது. அந்தப் பெயரைக் கேட்டதும் அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"இருத்தலா? இருக்கிறதுக்கு ஒரு படிப்பா? அதுக்கு மூணு வருசமா? உங்க நைனா படிக்காமயே இருந்துகினு கீறாரு, பாரு."

நைனா அப்போது கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்ததும் தூங்குவது மாதிரி கண்ணை மூடிக்கொண்டார்.

ஆனால் அந்தப் பாடம் எனக்குப் பிடித்திருந்தது. மனிதன் மேலே பார்த்து, நான் எதற்காக இருக்கிறேன் என்று கேட்கிறான். மேலேயிருந்து பதில் வருவதில்லை. கேட்கிறவனும் விடுவதில்லை. இந்த இழுபறிக்குத்தான் அபத்தம் என்று பெயர். அர்த்தம் என்று எதுவும் முன்கூட்டியே எழுதி வைக்கப்படவில்லை, அவரவர் எழுதிக்கொள்ள வேண்டியதுதான் என்று பக்கம் பக்கமாகப் போகும். வகுப்பே கொட்டாவி விட்டது. நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அட, இது வெறுஞ்சீட்டு! நாங்கள் சொம்பில் போட்டுக் குலுக்குகிறதை வெளிநாட்டுக்காரர்கள் தடித் தடிப் புத்தகமாகப் போட்டிருக்கிறார்கள். பிரபஞ்சம் என்னிடம் ஒரு முறை மௌனமாக இருந்திருக்கிறது, எங்கள் வீட்டு வாசலில் வைத்து, என் கண்ணெதிரே. அந்தக் கர்வத்தில் பரீட்சையில் சொம்புக் கதையை இரண்டு பக்கத்துக்கு எழுதி வைத்தேன். 'சொந்தச் சரக்கைத் தவிர்க்கவும்' என்று பக்கவாட்டில் சிவப்பு மையில் எழுதித் திருப்பித் தந்தார்கள்.

பட்டம் வாங்கி வந்து, அந்தப் பட்டத்தை நாலைந்து வருடம் ஜெராக்ஸ் எடுத்து எடுத்து அனுப்பி, கடைசியில் ஜெராக்ஸ் கடையே வைத்துவிட்டேன். நடுவில் எனக்கு வந்த ஒரு மாப்பிள்ளைக்குக் குலுக்கினார்கள். அதற்கும் வெறுஞ்சீட்டுதான் வந்தது. இந்த முறை எனக்கு வாய் வர விளக்கு வைக்கிற நேரம் ஆகவில்லை. வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிட்டேன். என் விஷயத்தில் மேலிடம் எப்போதும் மௌனம்தான் என்று நினைத்துக்கொண்டேன். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

போன வருடம் அறுப்பு சமயத்தில் நைனா களத்துமேட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஆஞ்சியோ செய்ய வேண்டும் என்று படுக்க வைத்தார்கள். அங்கே இருந்த நர்ஸ் தெற்கத்திப் பெண். மருந்தோடு வந்து தோளைத் தொட்டு, "என்ன தாத்தா, பயமா?" என்று கேட்டாள்.

"வேணாம்மா. சுகர் கீது, துண்ணக் கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க" என்றார் நைனா.

அவள் என்னைப் பார்த்தாள். எங்கள் பக்கத்தில் பழத்தையும் பயம் என்றுதான் சொல்வோம் என்று விளக்கினேன். அவள் சிரித்துவிட்டு, அப்படியானால் நிஜப் பயத்தை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டாள். அதையும் பயம் என்றுதான் சொல்வோம். எது எது என்று சொல்கிறவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

டாக்டர் நல்ல மனிதர். எங்கள் மூவரையும் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். மூன்று இடத்தில் அடைப்பு. ஆபரேஷன் செய்யலாம், ஆனால் சர்க்கரை இருக்கிறது, கிட்னியும் சுமார், மேசையிலேயே ஏதாவது ஆகலாம். செய்யாமல் மாத்திரையில் ஓட்டலாம். ஓடும். எவ்வளவு நாள் என்று சொல்ல முடியாது. "நீங்கதான் பேசி முடிவு பண்ணணும்" என்றார். எனக்குப் பழக்கமான வாசகம்.

வீட்டுக்கு வந்து பத்து நாள் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நைனா பீடியை விட்டுவிட்டார். காலியான பீடிக் கட்டை மட்டும் சட்டைப் பையிலிருந்து எடுக்க மாட்டேன் என்றார். பழக்க தோஷம் என்று விட்டுவிட்டோம். அம்மா ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர். வருடப் பிறப்பன்று அங்கே ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள்; வருகிற வசனம்தான் அந்த வருடத்துக்குக் கடவுள் தருகிற வாக்கு. அம்மாவுக்கு அந்த வருடம் மலைகளைப் பற்றி ஒரு வசனம் வந்திருந்தது. அந்த மலை ஆபரேஷன் பக்கம் நிற்கிறதா, மாத்திரை பக்கம் நிற்கிறதா என்று அம்மாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. காலண்டரில் செருகியிருந்த அட்டையை எடுத்துப் படிப்பதும் மறுபடி செருகுவதுமாக இருந்தார்.

தத்துவம் படித்த நான் என்ன செய்தேன்? கடையில் உட்கார்ந்து ஆஞ்சியோ ரிப்போர்ட்டை ஏழு காப்பி எடுத்தேன். எதற்கு ஏழு என்று கேட்காதீர்கள். மனிதன் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும், தேர்ந்தெடுக்காமல் இருப்பதும் ஒரு தேர்வுதான் என்று பரீட்சையில் எழுதியவள் நான். ஆனால் பண்ணலாம் என்று நான் சொல்லி, அவர் மேசையிலேயே போய்விட்டால்? அவர் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆபரேஷன் பண்ண வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அதைச் சொல்கிற வாய் என்னுடையதாக இருக்கக் கூடாது என்றும் தோன்றியது.

பதினொன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மா சர்ச்சிலிருந்து வந்ததும் சொன்னேன். "குலுக்கிப் பாத்துடலாம்."

அம்மா எப்போதும் அந்தச் சொம்பை ஒரு மாதிரிதான் பார்ப்பார். அன்றைக்கு அவரே போய் அதை எடுத்து வந்தார். நைனா கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, எய்து" என்றார்.

கடையிலிருந்து கொண்டு வந்திருந்த ஜெராக்ஸ் தாளை மூன்றாகக் கிழித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். முதல் சீட்டில் 'பண்ணலாம்' என்று எழுதினேன். இரண்டாவதில் 'வேண்டாம்' என்று எழுதப் பேனாவை வைத்தேன். வரவில்லை. அதிலும் 'பண்ணலாம்' என்று எழுதினேன். மூன்றாவது வெறுஞ்சீட்டாக இருக்க வேண்டும். அதுதான் வந்து தொலைக்கும், என் ராசி அப்படி. அதிலும் எழுதினேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய திருட்டு அதுதான். மூன்றையும் மடித்துச் சொம்பில் போட்டேன். எது வந்தாலும் பண்ணலாம்தான் வரும், சொன்னது சாமியாக இருக்கும், நான் வாசிக்க மட்டும் செய்வேன். நைனாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதில் அன்றைக்கு முதல் முறையாக எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

நைனா சட்டைப் பையைத் தடவிக்கொண்டார். குலுக்கினார். கையை விட்டு ஒன்றை எடுத்தார். என்னிடம் நீட்டுவார் என்று நான் கையை நீட்டிக்கொண்டிருந்தேன். அவர் நீட்டவில்லை. தானே விரித்தார்.

"வெறுஞ்சீட்டு" என்றார்.

இருக்கவே முடியாத சீட்டு வந்திருக்கிறது. ஒரு நிமிடம் உண்மையாகவே சாமிதான் வந்துவிட்டதோ என்று மயிர்க்கூச்செடுத்தது. குனிந்து பார்த்தேன். நான் கிழித்தது பளிச்சென்ற வெள்ளை ஜெராக்ஸ் தாள். அவர் உள்ளங்கையில் இருந்தது பழுப்பேறி, மடித்து மடித்துத் துணி மாதிரி ஆகிப்போன ஒரு துண்டு. அதில் நாலு கோடு மங்கலாகத் தெரிந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் இரண்டு.

நான் அவரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். 'நான் மூன்றிலும் எழுதியிருந்தேனே' என்று நான் சொல்ல முடியாது. 'அப்படியானால் இது எங்கேயிருந்து வந்தது' என்று நான் கேட்க முடியாது. அவரும் ஒன்றும் பேச முடியாது. இரண்டு திருடர்கள் ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் நுழைந்த மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

எங்கள் இரண்டு பேர் முகமும் சரியில்லை என்று அம்மாவுக்குப் பட்டிருக்க வேண்டும். சாமியைச் சந்தேகப்படக் கூடாது என்ற விதியும் அவரைக் கட்டுப்படுத்தாது, அவர் சாமி வேறு. சொம்பை எடுத்துப் பாயில் கவிழ்த்தார். ரெண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று விழுந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்து, வேதம் வாசிக்கிற மாதிரி எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"பண்ணலாம். பண்ணலாம். இதுலயும் பண்ணலாம்." நிமிர்ந்தார். "இன்னாடி இது? மூணு சீட்டுப் போட்டா நாலு சீட்டு வர்து? அப்பனும் மவளும் இன்னா கூத்து அடிச்சிக்கினு கீறீங்க?"

கூத்தேதான். எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே கோபம் வந்தது. கோபத்தைத்தான் முதலில் வெளியே விட்டேன்.

"எப்பலேர்ந்து நைனா இந்த வேலை?"

"எல்லாத்துக்கும் இல்ல" என்றார். "தண்ணி மோட்டாரு, கரகம், புளியமரம், அதெல்லாம் சாமி பாத்துக்கும். அதுல நான் கை வெக்க மாட்டன்."

"அப்ப எதுல வெச்சே?"

"அவங்க அவங்களுக்கு மனசுல ஒண்ணு இருந்துகினு, சொல்றதுக்குத் தகிரியம் இல்லாம வருவாங்க பாரு. அதுலதான்." விரலிடுக்கில் சீட்டைச் செருகிக் காட்டினார். சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் அது இருந்த இடம் தெரியவில்லை. "வந்து நிக்கிறப்பவே மூஞ்சில தெரியும்."

"என் படிப்புக்கு?"

அவர் சீட்டை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

"அந்த மாப்பிள்ளைக்கு?"

"அந்த ஆளு எனக்கும் புடிக்கல" என்று அம்மா நடுவில் புகுந்தார்.

பிரபஞ்சத்தின் மௌனம் என்று மூன்று வருடம் படித்தேன். பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதினேன். இருபது வருடமாக ராத்திரியும் பகலும் அதனோடு மனசுக்குள் சண்டை போட்டேன். அது என் நைனாவின் சுண்டுவிரல். இதை நான் எந்தப் புத்தகத்தில் போய்ச் சேர்ப்பது? எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. ஆனால் எழுந்து போக முடியவில்லை, ஏனென்றால் கேள்வி இன்னும் அப்படியே கிடந்தது.

"என் விசயத்துக்கு வெச்சே, சரி" என்றேன். "உன் உசுரு நைனா இது. உன் மனசுல ஒண்ணு இருந்தா நீ சொல்லிட்டுப் போயேன். இதுக்கு எதுக்கு வெறுஞ்சீட்டு?"

அவர் அந்தத் துண்டை மடிக்கத் தொடங்கினார்.

"எனக்குப் பயமா கீது" என்றார்.

அவர் முகத்தைப் பார்த்தேன். பழத்தைச் சொல்லவில்லை.

"பண்ணிக்கிறன்னு சொல்லவும் பயமா கீது. வேணாம்னு சொல்லவும் பயமா கீது. சொம்பு சொல்லி நான் போயிட்டன்னா, வாய்நாள் பூரா இந்தச் சொம்ப நம்ப மாட்டே. அதான், நீயே ஒண்ணு சொல்லட்டும்னு பாத்தன்."

"எனக்கும் பயமாத்தான் கீது நைனா" என்றேன். சொல்லிவிட்டதும் அழுகை வந்துவிட்டது. பன்னிரண்டாவது முடித்த வயதில் அழுத அதே இடம்.

அம்மா அழவில்லை. மூன்று வெள்ளைச் சீட்டையும் பாயில் வரிசையாக வைத்து நீவிக்கொண்டிருந்தார். நைனா அதைக் குனிந்து பார்த்தார். எழுத்து தெரியாத கண்ணுக்கும் மூன்றும் ஒரே மாதிரி இருப்பது தெரியுமில்லையா?

"மூணுலயும் பண்ணலாம்னா எய்தினே?"

"ஆமா."

"மூணுலயுமா?"

"ஆமா நைனா."

"ஒண்ணுலகூட வேணாம்னு எய்தலயா?"

"எய்த வரல."

மூன்று சீட்டையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அப்ப பண்ணிக்கிறன்" என்றார். "நான்தான் சொல்றன். நீ சொல்லி இல்ல, சொம்பு சொல்லி இல்ல. இன்னாம்மே, கேட்டுக்கினியா?"

"கேட்டுக்கினன். மூஞ்சி கய்வு, சோறு போடறன்" என்றார் அம்மா. அன்றைக்குத்தான் வீட்டில் மூன்று பேரும் ஒழுங்காகச் சாப்பிட்டோம்.

ஆபரேஷன் அன்று காலை ஒப்புதல் படிவத்தில் அவர் கைரேகை வைத்தார், நான் கையெழுத்துப் போட்டேன். உடம்பில் எதுவும் இருக்கக் கூடாது என்று அரைஞாண் கயிற்றைக்கூட அறுத்துவிட்டார்கள். சட்டையைக் கழற்றியபோது பீடிக் கட்டுக்குள்ளிருந்து அந்தத் துண்டை எடுத்து என் கையில் வைத்தார். "தொலச்சிடாத" என்றார். உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஏழு மணியிலிருந்து இரண்டு மணி வரை. அம்மா மலைகளைப் பற்றிய அட்டையை வைத்துக்கொண்டிருந்தார். நான் நாலு கோட்டுத் துண்டை வைத்துக்கொண்டிருந்தேன். முதல் ஒரு மணி நேரம் அதைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் மூலையில் ஒரு புள்ளியாவது, ஒரு கறையாவது எதையாவது சொல்லாதா என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. படித்ததெல்லாம் அந்த நாற்காலியில் எனக்கு உதவவில்லை. வாழ்க்கைக்கு அர்த்தம் இருக்கிறதா இல்லையா என்பது எனக்கு அப்போது முக்கியமாகவே படவில்லை. அந்தக் கதவு திறக்க வேண்டும், ஒருவர் வெளியே வந்து நல்ல விதமாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது.

சொன்னார்கள். இரண்டு மணிக்குக் கதவு திறந்து நல்லபடியாக முடிந்தது என்று சொன்னார்கள். அம்மா என் தலையில் ஒன்று போட்டுவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அப்போதுதான் கையைப் பார்த்தேன். துண்டு இல்லை. வியர்வையில் ஊறி, நசுக்கி நசுக்கி, திரித்துத் திரித்து, உள்ளங்கையில் அழுக்குத் திரியாக நாலைந்து துணுக்குகள் ஒட்டியிருந்தன. பெஞ்சுக்கு அடியில் கொஞ்சம் உதிர்ந்து கிடந்தது. குனிந்து பொறுக்கிப் பார்த்தேன், ஒட்ட வைக்கிற மாதிரி எதுவும் இல்லை.

மூன்றாம் நாள் என்னை உள்ளே விட்டார்கள். மூக்கிலும் கையிலும் குழாய். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி உடம்பைப் பற்றியோ அம்மாவைப் பற்றியோ இல்லை.

"சீட்டு எங்க?"

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். கடையில் தாளுக்கா பஞ்சம், பழுப்பாக ஒன்று தேடி மடித்துக் கொடுத்துவிடலாம். ஆனால் எங்கள் வீட்டில் அந்த மாதிரி வேலைகள் போதும் போதும் என்று ஆகிவிட்டிருந்தது.

"கிழிச்சிட்டேன் நைனா" என்றேன். "வெளியில உக்காந்துகினு பயத்துல கையிலயே நசுக்கிட்டேன். முப்பது வருசத்துச் சீட்டு. மன்னிச்சிக்க நைனா."

நைனா சிரிக்கப் பார்த்து, நெஞ்சில் தையல் இழுத்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டார். கிட்டே வரச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். குனிந்தேன்.

"போனாப் போவுது. வேற ஒண்ணு நானே எய்திக்கிறன்" என்றார். "எனக்கு எய்தத் தெரிஞ்ச சீட்டு அது ஒண்ணுதானே?"